காலை மாத்திரை

அவர் வாயைத் திறந்தார், அதுதான் திரும்பத் திரும்ப நினைப்பில் வந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நேசபாய் எதிரே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தாள், மரத்தடியில் சாய்த்து நிறுத்தியிருந்த பைக்குகளைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தாள், எதைப் பார்த்தாலும் கடைசியில் அந்த வாய்தான். காலையில் டீ குடித்து முடித்ததும் எப்போதும்போல அவர் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். தினமும் அவள் மாத்திரையை நாக்கில் வைப்பாள், டம்ளரை உதட்டில் சாய்ப்பாள், தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள், உள்ளுக்குள்ளே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு டம்ளரைக் கழுவப் போவாள். இன்றைக்கு, "பொறவு தாறேன் அத்தான்," என்றாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், சத்தம் போட்டிருந்தால் கொடுத்தே இருப்பாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடையில் சரக்கு இல்லை என்றதும் நீட்டிய பையைச் சுருட்டிக்கொண்டு திரும்புகிற ஆள் மாதிரி வாயை மெல்ல மூடிக்கொண்டார். மாத்திரை இப்போது அவள் கைப்பைக்குள், கண்ணாடிக் கூட்டில், பத்திரமாக இருந்தது. பத்திரம். யாருக்குப் பத்திரம், ஆண்டவரே?

சுல்தான் சொன்னதைக் கேட்டுத்தான் இப்படிச் செய்தாள். அவன்மேல் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. பஜாரில் கட்பீஸ் துணிக்கடை வைத்திருக்கிறவன், மகளுக்கு வலிப்பு. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, பக்கவாதம், வலிப்பு, கைநடுக்கம் என்று தாலுகாவில் நரம்பு வியாதிக்காரர்கள் இருக்கிற வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவன் அவன்தான். அவர்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை தோறும் மெடிக்கல் காலேஜிலிருந்து ஒரு நரம்பு டாக்டர் வந்துகொண்டிருந்தார். அது நின்று பல மாதம் ஆகிவிட்டது. ஆள் இல்லை என்கிறார்கள், மாத்திரையும் சில மாதம் வருகிறது, சில மாதம் வரவில்லை. படியேற முடியாதவர்களை இரண்டு பஸ் மாற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்கிறார்கள். போன தடவை இதே வராந்தாவுக்கு எல்லோரும் வந்தார்கள். அவள் வீட்டுக்காரர் கோயில்பிள்ளை காலை மாத்திரை போட்டுக்கொண்டு, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, நடந்துபோய்க் கும்பிட்டு நின்றார். சுகாதார அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்து, "பெரியவர் நல்லாத்தானே இருக்காரு, போற இடத்துக்குப் போக முடியாதா?" என்றுவிட்டார். அதுதான் சுல்தானைச் சுட்டது. "யக்கா, நரம்புத் தளர்ச்சின்னு போஸ்டர் ஒட்டி லாட்ஜுல ரூம் போடுத டாக்டருக்கு நம்ம ஊரு வழி தெரியுது, கவர்மெண்டு டாக்டருக்குத்தான் தெரியல," என்று சிரித்தான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கிச் சொன்னான்: "இந்தத் தடவை அண்ணாச்சிக்குக் காலை மாத்திரை போடாம கூட்டிட்டு வாங்க. நம்ம வாயால சொன்னா ஏறாது, கண்ணால பாக்கட்டும்." அத்தானிடம் கேட்க வேண்டும் என்றாள் அவள். "கேட்டா சம்மதிப்பாவளா? எம்மவளுக்கு வலிப்பு வார நேரம் தெரிஞ்சா நான் அந்த நேரத்துக்கே இங்க தூக்கிட்டு வந்துருவேன்க்கா. அது என் கையில இல்ல. இது உங்க கையில இருக்கு." அவன் கண் கலங்கியிருந்தது. அவள் சரி என்றாள். கலங்கிய கண்ணுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

கோயில்பிள்ளை பெஞ்சில் சாய்ந்தும் சாயாமலும், யாரோ கொண்டுவந்து வைத்த மரப்பலகை மாதிரி இருந்தார். கண்ணை இமைக்கவே நேரமாயிற்று. வாயோரம் வடிந்ததை அவள் கைக்குட்டையால் ஒற்றினாள், ஒற்றும்போது அவர் கண் அவள் பக்கம் வந்து, வந்த வேலையை மறந்ததுபோல அங்கேயே நின்றது. வலதுகைக் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டே இருந்தது. டிக்கெட் கிழிக்கிற விரல். நல்ல நாளில் பச்சை வண்டியில் கண்டக்டராக நின்ற ஆள். மணிக்கூண்டில் வண்டி திரும்பும்போதே ஆலடியில் நிற்கிறவனுக்குக் கேட்கும் அவர் குரல். "ஆலடி எல்லாம் முன்னால வா, ஆண்டவரே வந்தாலும் படியில நிக்கக் கூடாது கேட்டியா!" பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். மகன் எபனேசர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதே குரலில் கத்துவான், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், போனில் பேசும்போது, அப்பா பேசுவது கேட்கவே இல்லைம்மா என்கிறான். அந்த விரல் முதன்முதலில் வீட்டில் உரச ஆரம்பித்தபோது அவள் சிரித்தாள். "என்ன அத்தான், வீட்லயுமா டிக்கெட்டு? எனக்கு ஒண்ணு கிழிங்க, எங்க அம்மை வீட்டுக்குப் போயிட்டு வாறேன்." அவரும் சிரித்தார். வேலைப் பழக்கம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். வியாதி வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் அதை வைத்துக் கேலி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கேலியோடு நின்றிருந்தால் போதுமே. பிறகு குரல் குழறியது. படி இறங்கும்போது கால் இடறியது, நடந்துவருகிறவர் திடீரென்று ஓட்டமும் நடையுமாக முன்னால் சாய்ந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நடை அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். அவளைப் பெற்ற அப்பா குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர், சாயங்காலம் தெருமுனையில் ஒரு ஆள் எப்படிக் காலை வைக்கிறான் என்பதைப் பார்த்தே உலைப்பானையை இறக்கி ஒளித்து வைக்கத் தெரிந்த பிள்ளையாக வளர்ந்தவள் அவள். வேறு எதையும் அவ்வளவு நன்றாக அவள் படித்ததில்லை. அதனால் கேட்கவில்லை, விசாரிக்கவில்லை, தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டாள். அவர் தூங்கும்போது குனிந்து வாயை மோந்து பார்த்தாள். டீயும் பல்பொடியும்தான் மணத்தது. அப்படியானால் மணமே இல்லாத ஏதோ புதுச்சரக்கு வந்திருக்கிறது என்று நினைத்தாள். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது, மணக்கவில்லை என்பதையே குற்றமாக எழுதிக்கொண்ட மூளை. கண்டக்டர் பையைத் துழாவினாள், சட்டைகளை உதறினாள், ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார். "நான் குடிக்கல ஏட்டி," என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்பாவும் அப்படித்தான் சொல்வார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், ஆளாளுக்கு விண்ணப்பம் சொல்கிற நேரத்தில், வீட்டுக்காரருக்காக என்று ஆரம்பித்தாள். என்ன காரியம் என்று ஒருத்தி கேட்டாள். பாயில் விரலால் கோடு போட்டுக்கொண்டே, குடி, என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த அந்தக் கூடத்தில் ஒவ்வொருத்தி முகமும் திரும்பியது, ஐயோ பாவம் என்று தலைகள் ஆடின, அந்த ஐயோ பாவம் அவளுக்கு, இதைச் சொல்லத்தான் வேண்டும், அப்போது இதமாக இருந்தது.

அந்த இதம்தான் இன்றைக்கும் குத்துகிறது. கூடத்தில் உட்கார்ந்து தலையாட்டியவர்களில் பஸ் முதலாளி வீட்டு ஜாய்ஸ் அக்காவும் இருந்தாள். நல்லவள், கண்ணீர்விட்டுத்தான் ஜெபித்தாள், வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லியிருப்பாள், சொல்லாமல் எப்படி இருப்பாள், வண்டி நிறைய சனங்களை ஏற்றிக்கொண்டு போகிற காரியம் அல்லவா. ஒரு வாரம் கழித்து உபதேசியாரும் நாலைந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். கோயில்பிள்ளையை நடுவில் முழங்கால் போடச் சொல்லித் தலையில் கை வைத்து, குடியின் கட்டு அறுந்துபோகட்டும் என்று உரத்து ஜெபித்தார்கள். அவர் நடுங்கினார். பார், பார், என்றாள் ஒருத்தி. ஜெபம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள், அவரால் எழும்ப முடியவில்லை, இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள், பிசாசு விட்டுப் போகும்போது பெலன் போகத்தான் செய்யும் என்று உபதேசியார் விளக்கம் சொன்னார். நேசபாய் எல்லோருக்கும் காப்பி கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த மாதமே, ஆலடி நிறுத்தத்தில் படியிலிருந்து கால் தவறி விழுந்தார் என்ற சாக்கில், முதலாளி கூப்பிட்டுக் கணக்கை முடித்துவிட்டார். ஏன் என்று அவர் கேட்டாரா? முதலாளி என்ன சொன்னார்? உன் வீட்டுக்காரியே சொன்னாள் என்றாரா? இந்த இடத்தில் வந்துதான் அவள் நினைப்பு ஒவ்வொரு தடவையும் முள்ளில் மாட்டின துணி மாதிரி நின்றுவிடும். அத்தானுக்குத் தெரியுமா? தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாரா? அந்த வியாதி முகத்தையும் அல்லவா பூட்டிவிட்டது, கோபம், வருத்தம், பசி எல்லாவற்றுக்கும் ஒரே முகம், எதை வைத்துக் கண்டுபிடிப்பாள். மகள் ஷீபா கல்யாணத்தில் போட்டோக்காரன் சார் சிரிங்க சார் சிரிங்க என்று கெஞ்சினான், அவர் சிரிக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள், நேசபாய் அவரைச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "பெத்த மக கல்யாணத்துல கூடச் சிரிக்க மாட்டீங்களா, என்ன நெஞ்சு இது," என்று கேட்டாள். "சிரிச்சேனே," என்றார் அவர். உள்ளே சிரித்திருக்கிறார். அது முகத்துக்கு வந்து சேரவில்லை. அந்த ஆல்பத்தை அவள் மேல்தட்டில் வைத்திருக்கிறாள், இறக்குவதில்லை.

எல்லாம் தெரிந்தது ஒரு வியாழக்கிழமையில். கால் வீக்கத்துக்கென்று தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனவரை நர்ஸம்மாதான், இன்றைக்கு நரம்பு டாக்டர் வந்திருக்கிறார், அவரிடமும் காட்டிவிடுங்கள் என்று கை காட்டினாள். சின்ன வயசு டாக்டர், எபனேசரைவிட இளையவராகத்தான் இருப்பார். விரலைத் தட்டச் சொன்னார், எழுந்து நடக்கச் சொன்னார், கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தார், சாப்பாட்டு மணம் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை, ரொம்ப நாளாகவே தெரியவில்லை என்றார் கோயில்பிள்ளை. அதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பால் தீய்ந்து வீடே நாறியபோது அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே என்று ஏசினாளே, அந்த நாள் ஞாபகம் வந்தது. டாக்டர் வியாதியின் பெயரைச் சொல்லி, மூளையில் ஒரு சத்து குறைவது என்று விளக்கிவிட்டு, "இவங்களைப் பார்த்துக் குடிச்சிருக்காங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்களே?" என்று சாதாரணமாகக் கேட்டார். கோயில்பிள்ளை தரையைப் பார்த்தார். அவளும் தரையைப் பார்த்தாள். ஒரே தரையைத்தான் பார்த்தார்கள். மாத்திரை ஆரம்பித்தபின் அவர் கை மடங்கியது, கால் எழும்பியது, வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும்போது மட்டும் தாளத்தோடு ஏதாவது சொல்லிக்கொடுங்கள், கால் எழும்பும் என்று டாக்டர் சொன்னார். பாட்டுச் சொன்னாள், எழும்பவில்லை. எண்ணிப் பார்த்தாள், எழும்பவில்லை. ஒருநாள் அவரே, தனக்குத்தானே, முணுமுணுப்பாக, "போலாம் ரைட்," என்றார். கால் எழும்பியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் படி தாண்ட அதுதான் மந்திரம். அவள் சொல்வாள், மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல். தெருவில் சொல்ல இன்றைக்கும் கூச்சம்.

பெஞ்சின் மறுமுனையில் இரண்டு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். நிலத்தகராறு போல, கையில் வரைபடம் வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் கோயில்பிள்ளையைப் பார்த்தார். வடிந்த வாய், சொருகிய கண், ஒருபக்கம் சாய்ந்த உடம்பு. மெல்லத் தன் காலை இழுத்துக்கொண்டு மற்றவரிடம், "காலையிலயே ஏத்திட்டு வந்திருக்காரு பாத்தீரா," என்றார். "கூட வந்த அம்மாவப் பாரும் வே, பாவம்." பாவம். அதே சொல், அதே தலையாட்டல், அதே மின்விசிறிக் கூடம். இந்தத் தடவை வியாதியில்லை, இந்தத் தடவை அவரை இப்படி உட்கார்த்தி வைத்தது அவள். ஒரு தடவை அவரை ஊர் பார்க்கக் கொடுத்தாள், இப்போது கலெக்டர் பார்க்கக் கொடுக்கிறாள். நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான், அன்றைக்கும் நல்லதுக்குத்தான் கொடுத்தாள். வியாழக்கிழமை திரும்பி வர வேண்டும், அது நிஜம். சுல்தான் மகள் போன வாரம் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது நிஜம், அவள் முழங்கை வெந்துபோயிருக்கிறது. கோயில்பிள்ளையை இந்தக் கோலத்தில் பார்த்தால் அந்த அதிகாரி வாய் திறக்க மாட்டார், அதுவும் நிஜம். மாத்திரையைக் கொடுத்து, மறுபடி நல்லாத்தானே இருக்கிறார் என்று அனுப்பிவிட்டால் இத்தனை பேர் வீட்டிலும் யார் முகத்தில் அவள் விழிப்பாள்? ஆண்டவரே, ஒரு வழி காட்டும். அவர் ஒரு வழியும் காட்டவில்லை. வேப்பமரத்தில் ஒரு காக்கா இடம் மாறி உட்கார்ந்தது. அவள் பையைத் திறந்தாள், கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், சங்கிலிக்கு எட்டியவரை டம்ளரை இழுத்துத் தண்ணீர் பிடித்துத் தன் கைப்பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தாள். "அத்தான்." கண் வந்தது. "மாத்திரை." அவர் தலையை நிமிர்த்த நேரமாயிற்று. பிறகு வாயைத் திறந்தார். காலையில் திறந்த அதே அளவு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவள் இன்றைக்குத் தருவாளா மாட்டாளா என்ற சந்தேகம் அந்த வாயில் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

இப்போது ஜெபம் தலைகீழாகிவிட்டது. வந்ததிலிருந்து, சீக்கிரம் கூப்பிடட்டும், அத்தானை அதிகம் வதைக்காமல் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், இனிக் கொஞ்சம் தாமதமாகட்டும், மாத்திரை பிடிக்கிறவரை கூப்பிடாமலிருக்கட்டும் என்று வேண்ட ஆரம்பித்தாள். ஆண்டவருக்கே குழப்பமாக இருக்கும். சுல்தான் மரத்தடியிலிருந்து மற்றக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான், மகள் வெந்த கைக்குத் துணி சுற்றிக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். பாட்டிலைப் பார்த்தான், கோயில்பிள்ளை உதட்டில் ஈரத்தைப் பார்த்தான், விளங்கிக்கொண்டான். "யக்கா." அவ்வளவுதான் சொன்னான் முதலில். பிறகு, "காரியத்தக் கெடுத்துட்டீங்களேக்கா. இன்னும் கொஞ்ச நேரந்தான இருந்துச்சு." அவள் எழுந்து நின்றாள், அவன் வயசில் சின்னவன், ஆனாலும் எழுந்து நின்றாள். "என்னால முடியல தம்பி." "உங்களால முடியலன்னா என் மகளுக்கு யாருக்கா இருக்கா?" அந்தப் பிள்ளை மட்டும், "விடுங்க வாப்பா, பெரியப்பா பாவம்," என்றது. அது சொன்ன பாவம் வேறு மாதிரி இருந்தது, ஏன் என்று நேசபாய்க்குச் சொல்லத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. நிலத்தகராறுக்காரர்கள் உள்ளே போய் வெளியே வந்தார்கள். கோயில்பிள்ளையின் விரல் உரசுவது தளர்ந்தது, தோள் இறங்கியது, எங்கோ பூட்டுத் திறக்கிற மாதிரி கழுத்து திரும்பியது. அவரே கைக்குட்டையை வாங்கி வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆட்கள் போகிற போக்கில் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். "நரம்பு வியாதிக்காரங்க வாங்க," என்று டவாலி கூப்பிட்டார்.

அவர் நடந்துபோனார். கூடத்துக்குள் நீளமேசை, நடுவில் கலெக்டரம்மா, கண்ணாடி போட்ட சின்ன முகம், பக்கத்தில் அதே சுகாதார அதிகாரி. சுல்தான் மனுவைக் கொடுத்து, டாக்டர், வியாழக்கிழமை, மாத்திரை என்று மூச்சுவிடாமல் சொன்னான். அதிகாரி அவள் பயந்த மாதிரியே கோயில்பிள்ளையைக் கை காட்டினார். "மேடம், இவங்க போன தடவையும் வந்தாங்க. இவரு நல்லா நடந்துதான் வர்றாரு. பெரியாஸ்பத்திரியில வசதி இருக்கு, போய்க்கலாம். நமக்கு ஆள் பற்றாக்குறை." சுல்தான் நேசபாயைப் பார்த்தான், திட்டுகிற பார்வைகூட இல்லை, கைவிட்ட பார்வை. அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசற்படியில் கால் ஒட்டுகிறதென்றால் இப்படித்தான் இருக்குமா, தூக்கு தூக்கு என்று மனசு சொல்ல, ஒன்றுமே எழும்பாமல். "நல்லா இருக்காவம்மா," என்று வந்தது வாயில். எங்கிருந்து வந்ததோ. "சார் சொல்லுதது சரிதான், நல்லா இருக்காவ. வெளியில வச்சுதான் மாத்திரை குடுத்தேன், அதான் நடக்காவ. இது அந்த வியாழக்கிழமை டாக்டர் தந்த நடை. அவரு வாரதுக்கு முந்தி நாலஞ்சு வருசம் இவியளக் குடிகாரன்னு ஊரு சொல்லிச்சு. ஊரு இல்லம்மா, நாந்தான் சொன்னேன். ராத்திரி வாய மோந்து பாப்பேன். சபையில சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். அதக் கேட்டுத்தான் வேலைய விட்டு நிப்பாட்டுனாவ. ஒரு சொட்டுத் தொட்டதில்லம்மா இவிய." கூடத்தில் யாரோ இருமினார்கள். தன் பக்கத்தில் நிற்கிறவரை அவள் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடும். "எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, எப்படியாவது பஸ் ஏறிப் போய்க்குவோம். எங்க தாலுகாவுல இன்னைக்கும் ஒருத்தி அவ புருசன் வாய மோந்து பாத்துக்கிட்டு இருப்பா. அவளுக்கு எதுக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னே தெரியாது. நாங்களும் இவிய கால்வீக்கத்துக்குத்தான் போனோம். டாக்டர் அங்க இருந்தாரு, அதனால தெரிஞ்சுது." கலெக்டரம்மா பேனாவை மூடித் திறந்தார். சுல்தான் மகளின் துணி சுற்றிய கையைப் பார்த்தார். அதிகாரி பக்கம் திரும்பி, மாதத்தில் ஒரு வியாழக்கிழமையாவது முடியாதா என்று கேட்டார். பார்க்கிறேன் மேடம் என்றார் அவர். பார்ப்பார்களா? ஒரு வியாழக்கிழமை என்றால் அந்தப் பெண் மற்ற வாரத்தில் அல்லவா புருஷனின் கால்வீக்கத்துக்கென்று வந்துவிடுவாள். சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அடுத்தவர்கள் வந்துவிட்டார்கள்.

வெளியே வரும் கதவில் அவர் கால் ஒட்டிக்கொண்டது. மாத்திரை போட்டிருந்தாலும் குறுகலான வாசலும் பின்னால் கூட்டமும் சேர்ந்தால் அப்படித்தான். சுல்தான் முன்னால் போய்விட்டிருந்தான், மகளின் தோளில் கைபோட்டுத் தூணருகே நின்றான். நேசபாய் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியைப் பார்த்தாள். கேட்டுவிட்டார். அவள் சொன்னதையெல்லாம், எல்லோர் முன்னாலும், கேட்டுவிட்டார். உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டக் கொண்டுபோனாள். "அன்னைக்கு ஜெபத்துக்கு வந்தாவள்லா," என்றார். "ஆமா அத்தான்." "எல்லாருக்கும் காப்பி குடுத்த." "ஆமா." பின்னால் யாரோ, வழிவிடுங்க என்றார்கள். "எனக்குத் தரல." அவள் தேடினாள், அந்த நாளுக்குள் போய்த் தேடினாள். டம்ளர்கள் அடுக்கிய தட்டு, உபதேசியார், ஜாய்ஸ் அக்கா, மற்றவர்கள், சர்க்கரை போதுமா என்று கேட்டது, வாசல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு. கொடுக்கவில்லை. இத்தனை வருசம் எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தவள் இதை ஒருநாளும் பார்க்கவில்லை. "அத்தான், வேல போனது, முதலாளிட்ட..." "அது தெரியும்," என்றார் அவர், ஆலடி நிறுத்தம் வந்தாயிற்று என்பதுபோல, அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல. "காப்பிதான்." முகம் அப்படியே இருந்தது, கோபமா, வருத்தமா, உள்ளே எங்காவது சிரிப்பா, எதுவும் வந்து சேரவில்லை. "வாங்கித் தாறேன் அத்தான், இப்பவே வாங்கித் தாறேன்." "மொதல்ல சொல்லு ஏட்டி. வண்டி நிக்கில்லா." பின்னால் கூட்டம் நெருக்கியது. டவாலி திரும்பிப் பார்த்தார். நேசபாய் தொண்டையைச் செருமினாள், ஜெபக்கூட்டத்தில்கூட உரத்துப் பேசாத அந்தக் குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு, வராந்தா முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி, "போலாம் ரைட்!" என்றாள். கால் எழும்பியது. கேன்டீன் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை, யாரிடமாவது கேட்க வேண்டும். அவருக்கு மணம் தெரியாது. சூடு தெரியும். நல்ல சூடாகப் போடச் சொல்ல வேண்டும்.